வரியின் முதல் சொல்

சத்யராஜ் எழுதிய முதல் மனு தெருவிளக்குக்காக. அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். திருப்புட்குழிக்குத் திரும்பும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த காலனியில் அன்று தப்பில்லாமல் தமிழ் எழுதக்கூடியவர்கள் குறைவு. விளக்கு வந்தது. மனுவால் வந்ததா, தேர்தலால் வந்ததா என்று யாரும் ஆராயவில்லை. அதற்குப் பிறகு பட்டா, குடிநீர்க் குழாய், முதியோர் உதவித்தொகை என்று எதுவானாலும் ஒரு வெள்ளைத் தாளோடு யாராவது அவன் வீட்டு வாசலில் நின்றார்கள்.

எல்லா மனுவும் ஒரே மாதிரி தொடங்கும். உயர்திரு ஐயா அவர்களுக்கு, வணக்கம். பிறகு யார், எந்த ஊர், யாருடைய மகன். என்ன வேண்டும் என்பது அதற்கும் பிறகுதான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கேட்க வந்தவன் கேட்க வந்ததை முதலில் சொல்லக் கூடாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கல்லூரியில் கணினி படித்தான். சென்னையில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தான். அப்பா ராஜவேலு சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின் ஊருக்கே திரும்பிவிட்டான். காஞ்சிபுரத்தில், காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் வேணுகோபாலின் அலுவலகம் இருந்தது. பட்டுக்கடைகளுக்கு வலைத்தளம் செய்து தருவது தொழில். வேணுகோபால் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தாத்தா காலத்தில் ஜரிகை வியாபாரம். இப்போது என்ன செய்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "கடைக்காரனுக்குக் கடை போட்டுத் தர்றேன்" என்பார்.

திரையில் தெரிகிற பக்கம் சத்யராஜின் வேலை அல்ல. அதை வேறொருவர் அழகுபடுத்துவார். வாடிக்கையாளர் எழுதி அனுப்புவது எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய், அங்கே பார்க்கப்பட்டு, பதில் திரும்பி வரும். அந்தப் பார்க்கிற வேலை அவனுடையது. பிஎச்பி என்கிற நிரல்மொழியில் எழுதினான்.

ஒரு வாசகத்துக்குள் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்க அவன் ஒரு சின்ன நிரல் வைத்திருந்தான். அதற்கு 'இருக்கா' என்று பெயரிட்டிருந்தான். அமெரிக்காவில் இருந்து ஒரு பெண்மணி கடைத் தளத்தில் அரக்கு என்று தேடினால், ஒவ்வொரு புடவையின் விவரத்தையும் இருக்காவிடம் கொடுத்துக் கேட்கும். இருந்தால் புடவை திரைக்கு வரும். சேர்ந்த புதிதில் எழுதியது. ஒவ்வொரு கடைக்கும் அதையே நகலெடுத்துப் போட்டான். எந்தக் கடையிலும் தொந்தரவு வந்ததில்லை. எல்லாக் கடைகளிலும் புடவை விவரம் கடையின் பெயரில்தான் தொடங்கும்.

மருத்துவமனை வேலை வந்தது ஒரு மழைக்காலத்தில். ஊரில் பெயர் வாங்கிய பிரசவ மருத்துவமனை. டாக்டர் அம்மாள் கண்டிப்பானவர். வீட்டுக்கு அனுப்பிய பெண்களின் குடும்பத்தார் எல்லாவற்றுக்கும் போன் செய்தார்கள். குழந்தை தும்மினால் போன். பத்தியத்துக்குப் பால்சுறா போடலாமா என்று போன். வரவேற்பறை எண் எப்போதும் பிசி. நிஜமாகவே ஆபத்தில் இருப்பவர்களுக்கு லைன் கிடைப்பதில்லை என்று டாக்டர் வருத்தப்பட்டார். அதனால் வீட்டுக்குப் போகும்போது கொடுக்கிற அட்டையில் ஒரு வலைத்தள முகவரி இருக்கும். அதில் போய் என்ன தொந்தரவு என்று எழுதலாம். ஆபத்தான சொல் ஏதாவது அதில் இருந்தால் வார்டில் உள்ள டியூட்டி போன் அலறும், எடுக்கிறவரை நிற்காது. இல்லாவிட்டால் சாதாரணக் கேள்விகளோடு சேர்ந்துகொள்ளும், சாயங்காலம் படித்துப் பதில் சொல்வார்கள்.

எவை ஆபத்தான சொற்கள் என்று டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். சத்யராஜ் அதைத் தமிழில் மாற்றிக்கொண்டு வார்டுக்குப் போனான். அங்கேதான் சுகாசினியைப் பார்த்தான். நர்ஸ். அவனுடைய காலனியிலேயே அடுத்த தெரு, காலையில் ஒரே பஸ். அதுவரை பேசியதில்லை.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாண்ணா இது, 'உணர்விழப்பு'? இத யாரு எழுதுவா?"

"அப்ப எப்படி எழுதுவாங்க?"

"கண்ணு சொருவுதுன்னு எழுதுவாங்க. மூச்சு முட்டுது, மூச்சு வாங்குது. ரத்தம் போவுது. வெட்டி வெட்டி இழுக்குதும்பாங்க. ஜன்னி கண்டுட்சும்பாங்க."

"உடனே, சீக்கிரம்... இதெல்லாம் சேத்துக்கலாமா?"

"ஐயோ, அது வேணாம். டாக்டரம்மாவே வேணாம்னுட்டாங்க. கொழந்தைக்குப் பேரு வைக்க நல்ல நாள் சொல்லுங்கன்னு கேக்கிறவங்களும் சீக்கிரம்னுதான் போடுவாங்க."

அவன் தன் தெருப் பெண்களிடமும் கேட்டான். அம்மா பொன்னியம்மாளிடம் கேட்டபோது, "பெத்தவ வாயில சொல்றதெல்லாம் மிஷினுக்குப் புரியுமாடா?" என்றாள். புரிகிற மாதிரி செய்தான். மூச்சு என்பதை மூச்சி என்று எழுதினாலும் பிடிக்கும்படி அடிச்சொல்லை மட்டும் வைத்தான். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களுக்காக அதையும் வைத்தான். அந்தத் தொழிலில் இவ்வளவு பொறுமையாக யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பார்க்கும் வேலையை இருக்காவிடம் கொடுத்தான். தன் கையால் எழுதியது, பல வருடம் ஓடியது.

சோதனைச் செய்திகளையும் அவனே எழுதினான். வணக்கம் மேடம், என் மனைவிக்கு மூச்சு வாங்குகிறது. வணக்கம் மேடம், தங்கைக்கு ரத்தம் நிற்கவில்லை. மேடம் வணக்கம், கண் சொருகுகிறது. ஒவ்வொன்றுக்கும் போன் அலறியது. சுகாசினி காதைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துங்கண்ணா. எல்லாக் கொழந்தைங்களும் எழுந்துக்கினு கத்துதுங்க."

டாக்டர் வந்து பார்த்து, நன்று என்றார்.

அந்தத் தளம் ஒரு வருடத்துக்கும் மேல் நடந்தது. பல முறை அலறியது. இரண்டொரு பெண்களை அது காப்பாற்றியதாக வார்டில் பேசிக்கொண்டார்கள். வேணுகோபால் மற்ற ஊர் மருத்துவமனைகளுக்கும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஹாலட்சுமி பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்தவள். வயிற்றைக் கிழித்து எடுத்த பெண் குழந்தை. தையல் பிரித்து வீட்டுக்கு வந்து சில நாள் ஆகியிருந்தது. கணவன் முத்துக்குமார் வீட்டிலேயே தறி போட்டிருந்தான். ஒரு முற்பகலில் அவள் உள்ளிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமார் அட்டையை எடுத்தான். ஆபத்தென்றால் எழுதியவுடன் அழைப்போம் என்று அதில் அச்சிட்டிருந்தது. எழுதினான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். யாரும் அழைக்கவில்லை. வரவேற்பறைக்குப் போட்டான், பிசி. மறுபடி பிசி. அவனுடைய அம்மா நீலாம்பாள் தெருவில் ஓடி ஆட்டோ பிடித்து வந்தாள். மருத்துவமனை வாசலில் இறக்கும்போது மஹாலட்சுமிக்கு உயிர் இல்லை. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆட்டோ கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்று டியூட்டியில் இருந்தது சுகாசினி.

டாக்டர் அவளைக் கூப்பிட்டு, போன் அடித்தபோது எங்கே இருந்தாய் என்று கேட்டார். அடித்ததா என்று கேட்கவில்லை. சுகாசினி யோசித்தாள். இடையில் ஒருமுறை கை கழுவப் போயிருந்தாள். ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. "காதுல வுழல போல மேடம், மன்னிச்சிடுங்க" என்றாள். அப்போது அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். மாலைக்குள் அது அவள் ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது. இருட்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டதாக ஆனது. மருத்துவமனை வாசலில் முத்துக்குமாரின் உறவினர்கள் கூடினார்கள். முத்துக்குமார் பெயரில் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை வேணுகோபால் சத்யராஜைக் கூப்பிட்டார்.

"நேத்து சர்வர் கிர்வர் படுத்துக்கினு இருந்துதா பாருப்பா. நம்ம மேல ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடணும்."

சர்வர் படுத்திருக்கவில்லை. முத்துக்குமாரின் செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஆனால் சாதாரணக் கேள்விகளோடு இருந்தது. முந்திய கேள்வி, குழந்தைக்குக் காது எப்போது குத்தலாம் என்பது. அதற்குக் கீழே:

மூச்சு விட முடியல மஹாலட்சுமிக்கு. உடனே கூப்புடுங்க.

சத்யராஜ் அதைப் பார்த்தபடி இருந்தான். மூச்சு பட்டியலில் உள்ள சொல். முதலில் வைத்த சொல்லே அதுதான். பிறகு இருக்காவைத் திறந்தான். பல வருடமாகத் திறந்து பார்க்காதது.

பிஎச்பியில் ஒரு வாசகத்துக்குள் ஒரு சொல்லைத் தேடச் சொன்னால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஓர் எண்ணைத் திருப்பித் தரும். எங்குமே இல்லை என்றால் 'இல்லை' என்று தரும். அந்த எண்ணிக்கை ஒன்றில் தொடங்காது, சுழியத்தில் தொடங்கும். அதனால் வாசகத்தின் தலையிலேயே அந்தச் சொல் நின்றால் விடை சுழியம். சுழியமும் 'இல்லை'யும் வேறு வேறு என்று நிரலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒப்பிடும் இடத்தில் இன்னொரு சமக்குறி கூடப் போட்டால் போதும். போடாவிட்டால் அது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். சத்யராஜ் போட்டிருக்கவில்லை. படிக்கிற காலத்தில் எச்சரித்திருந்தார்கள், கையேட்டிலும் இருக்கிறது. எவ்வளவோ பேர் செய்கிற தவறு.

வாசகத்தின் முதல் சொல்லாக மூச்சு இருந்தால் மட்டும் இருக்கா 'இல்லை' என்று சொல்லும். முன்னால் ஒரு புள்ளி இருந்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருக்கும். பதற்றமில்லாதவன் வணக்கம் என்று எழுதுவான், மேடம் என்று எழுதுவான், நாங்கள் இன்ன ஊர் என்று எழுதுவான். உயிர் போகிறதைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறவன் அதை எழுத மாட்டான்.

பழைய செய்திகளைத் தேடினான். ரத்தம் என்று தொடங்கியது ஒன்று, ஜன்னி என்று தொடங்கியது ஒன்று. இரண்டும் சாதாரணக் கேள்விகளோடு கிடந்தன, சாயங்காலம் படிக்கப்பட்டிருந்தன. அந்தப் பெண்கள் எப்படியோ பிழைத்திருந்தார்கள். போன் அடித்ததா இல்லையா என்று எங்கும் பதிவாகாது. அப்படியொரு பதிவு வேண்டும் என்று அவனுக்கோ டாக்டருக்கோ தோன்றவில்லை.

அந்த நேரத்தில் ஊரைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் அந்த அட்டை இருந்தது. எந்த வீட்டிலிருந்தும் எந்த நிமிடமும் அப்படி ஒரு வரி வரலாம். சத்யராஜ் சர்வரில் இருந்த கோப்பைத் திறந்து சமக்குறியைப் போட்டுச் சேமித்தான். பழைய கோப்பைத் தன் மடிக்கணினியில் வைத்துக்கொண்டான். வேறு எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

பிறகு வேணுகோபாலிடம் சொன்னான். அவர் முழுவதும் கேட்டார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்ப வுடு."

"அந்தப் பொண்ணு மேல போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க சார். போன் அடிக்கவே இல்ல."

"ஏம்பா, உனக்கு இன்னா வயசாவுது? அந்தப் பொண்ணே காதுல வுழலன்னு சொல்லிடுச்சு. நீ நடுவுல பூந்து, இல்லம்மா நான்தான் சாவடிச்சேன்னு கைய தூக்குவியா? உன்னோட இங்க எத்தினி பேரு சோறு துன்றான் பாரு. ஒரு கடைக்காரன் இனிமே நம்ம படி ஏறுவானா?"

"நான் சொல்லத்தான் போறேன் சார்."

"சொல்லு. சொன்னா மட்டும்?"

விசாரணை அதற்கு மறுநாள் டாக்டரின் அறையில் நடந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்திருந்தார். முத்துக்குமார் சவரம் செய்யாத முகத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவனோடு அவன் சித்தப்பா. கதவோரம் சுகாசினி, சீருடை இல்லாமல், பஸ்ஸுக்கு வருகிற சுடிதாரில்.

சப்-இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். பேச்செல்லாம் எதுக்கு, அதே செய்தியை மறுபடி அனுப்பிப் பார்ப்போம் என்றார். முத்துக்குமாரின் போனிலிருந்தே அனுப்பச் சொன்னார். முத்துக்குமார் போனைப் பக்கத்தில் நீட்டினான். சித்தப்பா வாங்கி, எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்து அனுப்பினார்.

மேஜை மேல் இருந்த டியூட்டி போன் அலறியது.

அந்தச் சிறிய அறைக்குள் அது பெரும் சத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் நிறுத்தவில்லை. எல்லோரும் சுகாசினியைப் பார்த்தார்கள். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்தான் எட்டி அதை நிறுத்தினார்.

"இது காதுல வுழலியாம்மா உனக்கு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"சார்," என்றான் சத்யராஜ். "அன்னிக்கு இது அடிச்சிருக்காது சார். நேத்துதான் நான் சரி பண்ணேன்."

இருக்காவைப் பற்றிச் சொன்னான். சுழியத்தைப் பற்றிச் சொன்னான். செய்தி சாதாரணக் கேள்விகளோடு கிடந்ததைச் சொன்னான். மடிக்கணினியைத் திறந்து பழைய கோப்பைக் காட்டினான். சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"நேத்து மாத்துன."

"ஆமா சார்."

"யாரு மாத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வேற யாருக்காவது ஆயிடக் கூடாதுன்னு..."

"அப்ப சாட்சிய நீயே கலைச்சுட்டன்னு சொல்ற. இந்த ஃபைல நீ இன்னிக்குக் காலைல எழுதலன்னு, அந்த மெசேஜயும் நீயே அங்க நகத்தலன்னு நான் எப்படி நம்பறது?"

அவர் கேட்டது நியாயம். எழுதியிருக்கலாம்.

டாக்டர் அமைதியாகக் கேட்டார்.

"தம்பி, உங்களுக்கு எந்த ஊர்?"

"திருப்புட்குழி பக்கம் மேடம்."

"சுகாசினியும் அங்கதானே?"

"ஆமா மேடம்."

"சொந்தமா?"

"இல்ல மேடம்."

"ஒரே தெருவா?"

"பக்கத்துத் தெரு."

டாக்டர் தலையசைத்தார். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டது என்ன என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. சித்தப்பா சத்தமில்லாமல் சிரித்தார்.

"பாசம் சார். வுடுங்க. அவங்களுக்குள்ள ஒருத்தன ஒருத்தன் வுட்டுக்கொடுக்க மாட்டாங்க."

வேணுகோபாலையும் கேட்டார்கள். தளம் எப்போதும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது என்று அவர் சொன்னார். சொல்லும்போது சத்யராஜைப் பார்க்கவில்லை. சுகாசினியை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள். கவனக்குறைவால் உயிர் போக விட்டதாக வழக்குப் பதிவானது. அவளுடைய நர்ஸ் பதிவையும் ரத்து செய்யச் சொல்லி மருத்துவமனை எழுதப்போவதாகச் சொன்னார்கள். சத்யராஜைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார் வேணுகோபால். சர்வரின் கடவுச்சொல் மாறியிருந்தது.

அவன் மேலதிகாரிகளுக்கு மனு எழுதினான். மனு எழுதத் தெரிந்தவன்தான். மூன்று இடத்துக்கு அனுப்பினான். ஓரிடத்திலிருந்து பெற்றுக்கொண்டோம் என்று வந்தது. ஒரு வக்கீலைப் பார்த்தான். அவர் சொன்னது ஒன்றுதான்: புகார் கொடுத்தவர் வந்து, போன் அடிக்கவில்லை என்று நான் நம்புகிறேன், இந்தப் பெண் மேல் எனக்குப் புகார் இல்லை என்று சொன்னால் ஏதாவது நடக்கும், மற்றதெல்லாம் பல வருடம் இழுக்கும்.

கருமாதி முடிந்தபின் பிள்ளையார்பாளையத்துக்குப் போனான். கதவைத் திறந்த நீலாம்பாளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. உள்ளே முத்துக்குமார் தறியில் உட்கார்ந்திருந்தான், நெய்யவில்லை. தறியின் பக்கவாட்டில், புடவையின் உடலோடு கரையைச் சேர்க்கும் கோர்வைக்காகக் கரைப் பக்க நாடாவை எறிகிறவர் உட்காரும் பலகை காலியாக இருந்தது. அங்கே மஹாலட்சுமிதான் உட்காருவாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தை உத்தரத்தில் கட்டிய புடவைத் தூளியில் தூங்கியது.

"இன்னா தம்பி, இங்கியும் வந்துட்ட?" என்றான் முத்துக்குமார். கோபமாகக் கேட்கவில்லை.

"ஒரு தபா பாருங்கண்ணா. பாத்துட்டு நீங்க போடான்னா போயிடறேன்."

மடிக்கணினியைத் தரையில் வைத்துத் திறந்தான். பழைய இருக்காவைப் பெட்டி போன்ற ஒரு பக்கத்தில் பொருத்தி வைத்திருந்தான். மேலே எழுதலாம், கீழே இருக்கிறது அல்லது இல்லை என்று வரும். முத்துக்குமார் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்து எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"நீங்களே அடிங்கண்ணா. அன்னிக்கு அடிச்சது."

முத்துக்குமாருக்கு அதைப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கவில்லை. அடித்தான். கீழே, இல்லை.

இன்னொரு முறை அடித்தான். இல்லை.

"மூச்சுன்னு போட்டிருக்கேனே," என்றான்.

"மொதல் வார்த்தையா இருக்கறதால அதுக்குத் தெரியலண்ணா. நான் எழுதுனதுல தப்பு. முன்னால வேற எதுனா இருந்தாதான் கண்டுபுடிக்கும்."

முத்துக்குமார் திரையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு எழுதியதை அழித்தான். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, அதே சொற்களை வேறு வரிசையில் அடித்தான்.

மஹாலட்சுமிக்கு மூச்சு விட முடியல.

கீழே, இருக்கிறது.

நீலாம்பாள் அடுப்படியில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவ பேர மொதல்ல போட்டிருந்தா அடிச்சிருக்கும்," என்றான் முத்துக்குமார்.

இதைச் சொல்வான் என்று சத்யராஜ் நினைத்திருக்கவில்லை. தன் தவறைக் காட்டத்தான் வந்தான். தான் எழுதியதைத்தான் இவன் பார்ப்பான் என்று நினைத்திருந்தான்.

"உங்க மேல தப்பு இல்லண்ணா. எப்படி எழுதினாலும் அது புடிச்சிருக்கணும்..."

"அடிச்சிருக்குமா இல்லியா? அத சொல்லு."

"...அடிச்சிருக்கும்."

"அடிச்சிருந்தா அந்தப் பொண்ணு எடுத்திருக்கும்."

"எடுத்திருக்கும்ணா. அவ வார்டுலதான் இருந்தா."

முத்துக்குமார் மடிக்கணினியின் மூடியைக் கையால் மூடினான். கை அதன் மேலேயே இருந்தது.

"இத வேற யாருக்குக் காட்டின?"

"எஸ்.ஐ.க்கு. டாக்டருக்கு. யாரும் நம்பல. நீங்க ஒரு வார்த்த சொன்னாதான்ணா. அந்தப் பொண்ணு இனிமே எங்கியும் நர்ஸ் வேல பாக்க முடியாது. ஜெயிலுக்கும்..."

"எங்கம்மாவுக்கு இது தெரியக் கூடாது. நாளைக்கு அதுக்கும்." தூளியைக் கண்ணால் காட்டினான். "பெரிசாயி, எங்கம்மா எப்படி செத்தாங்கன்னு கேட்டா, நர்ஸ் தூங்கிட்டான்னு சொல்லலாம். அது ஒரு பதில் தம்பி. இத எப்படிச் சொல்றது? ஒங்கப்பன் உங்கம்மா பேர அப்புறமா எழுதிட்டான்னா?"

"ஆனா அவ தூங்கலியேண்ணா."

"தெரியுது."

"அண்ணா..."

"தெரியுதுன்னுதான் சொல்றேன். தூங்கினதாவே இருக்கட்டும். போயிடு."

அவன் தறிக்குத் திரும்பிப் போனான். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, பாவு நூல்களின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான். சத்யராஜ் கிளம்பும்போது நீலாம்பாள் ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். மருத்துவமனைக்கு வேலை செய்கிறவன் என்றான். "அந்தப் படுபாவிய உள்ள தள்ளிட்டாங்களாப்பா?" என்றாள். இன்னும் இல்லை என்றான். மோரை வாங்கிக் குடித்தான்.

சுகாசினி வீட்டில் இல்லை. அவளுடைய அம்மா நெடுஞ்சாலைப் பக்கம் கை காட்டினாள். நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக அவள் நின்றிருந்தாள். ஒரு போன் தயாரிக்கும் கம்பெனியில் ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்திருந்தாள், கழுத்தில் புது அடையாள அட்டை. பக்கத்தில் நின்ற பெண்களுக்கு அவளைப் பற்றித் தெரிந்திருக்காது. கொஞ்சம் தள்ளி வந்தாள்.

"போனீங்களாண்ணா?"

"போனேன்."

"நம்பலியா?"

"நம்பிட்டாரு."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பழையபடி ஆனது.

"அப்ப இன்னா?"

"புகார வாபஸ் வாங்க மாட்டாராம்."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு டெய்லி காதுல அது கேக்குதுண்ணா," என்றாள். "அந்த ரூமுல அடிச்சிதே, அதே சத்தம். கை கழுவும்போது வருது. தண்ணி சத்தத்துல கேக்காம வுட்டுட்டேனோன்னு வருது. நீங்க அன்னிக்கு இன்னாமோ சுழியம்னு சொன்னீங்க, எனக்கு ஒண்ணும் ஏறல. அடிக்கலதானே?"

"அடிக்கல."

"எனக்கோசரம் சொல்றீங்களா?"

"இல்லம்மா. அடிக்கல."

கம்பெனி பஸ் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். அவள் கடைசியாக ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.